புதியவருக்கு ஒரு பயிற்சி, பழகியவருக்கு வேறு பயிற்சி: சிங்கப்பூர் மோட்டார்சைக்கிளோட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஓடும் வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதி அளவோ அதற்கு மேலோ மோட்டார்சைக்கிளில் போனவர்கள். அதனால் எந்தப் பயிற்சிக்குப் போவது என்ற கேள்வியை உரிமம் வாங்குவதோடு முடிந்துபோகும் விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம். உரிமத்துக்கான பயிற்சி வண்டியைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறது. அதற்குப் பிந்தைய பயிற்சி, நாம் அறியாமலே பழகிக்கொண்ட தவறுகளைத் திருத்துகிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கிளாஸ் 2பி, 2ஏ, 2 என்று மூன்று படி இருக்கிறதே, மேல்படிக்குப் போவதுதானே அனுபவசாலிகளுக்கான பயிற்சி?

இல்லை. அந்த மூன்றும் எஞ்சின் அளவைப் பொறுத்த உரிம வகுப்புகள். 200 சிசி வரை 2பி, 201 முதல் 400 வரை 2ஏ, அதற்கு மேல் கிளாஸ் 2. ஒரு வகுப்பை ஓராண்டாவது வைத்திருந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். 2ஏ வகுப்பில் புதிதாக வருவது கனமான வண்டி. பல காலமாக இங்கே பயிற்சிக்கு ஓடிய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். பலகை (ஒடுக்கமான பலகைமேல் ஓட்டுவது), எட்டு (எட்டு வடிவப் பாதை), கிராங்க் (செங்கோண வளைவுகள் உள்ள ஒடுக்கமான பாதை), கூம்பு (கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது), அவசர பிரேக் என்று பயிற்சித் திடலின் தடைகள் பெரும்பாலும் 2பியில் பார்த்தவைதான். மழையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும் லாரியின் டயர் வெடித்தால் என்ன செய்வது என்பதை எந்த உரிம வகுப்பும் பழக்கித் தருவதில்லை. தருவதற்கு அங்கே இடமும் இல்லை.

உரிமம் உள்ளவர், தன் சொந்த வண்டியில், சாலையில் உண்மையில் போகும் வேகத்துக்குப் பக்கமாகப் பழகும் பயிற்சியைத்தான் இந்தப் பக்கத்தில் ‘பழகியவர் பயிற்சி’ என்கிறோம். தற்காப்பு ஓட்டம், பாதுகாப்பான ஓட்டம் என்று வெவ்வேறு பெயர்களில் நடப்பவை எல்லாம் இதில் அடங்கும்.

ஒன்றுமே தெரியாதவன் எங்கிருந்து தொடங்குவது?

வயது 18 ஆகியிருக்க வேண்டும். மோட்டார்சைக்கிளுக்குத் தனியார் பயிற்றுநர் கிடையாது, பள்ளிக்குத்தான் போயாக வேண்டும். புக்கிட் பாத்தோக்கில் ஒன்று, ஊபியில் ஒன்று, உட்லண்ட்ஸில் ஒன்று என மூன்று பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 45 சரியாக வர வேண்டும். அதன் பிறகு தற்காலிக ஓட்டுநர் உரிமம் எடுத்து, செய்முறைப் பாடங்களைத் தொடங்கலாம். இடையில் மோட்டார்சைக்கிளுக்கான கோட்பாட்டுத் தேர்வு ஒன்று உண்டு, அதற்கும் 50க்கு 45. 2019 டிசம்பரிலிருந்து சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். எல்லாம் முடிந்ததும் போக்குவரத்துக் காவல்துறையின் செய்முறைத் தேர்வு.

வகுப்பு நேரம் கிடைப்பது பெரும்பாடு. முதல் பாடத்துக்கும் இரண்டாம் பாடத்துக்கும் நடுவே ஒரு மாதம் போய்விட்டால், கிளச் பிடித்த கை எல்லாவற்றையும் மறந்துவிடும். முடிந்தால் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து நேரம் பதிவுசெய்யக்கூடிய மாதங்களில் தொடங்குங்கள்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நேரே 2பி சேரலாமா?

சேரலாம், ஆனால் முதலில் சைக்கிள் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பூங்கா இணைப்புப் பாதையில் பழகினாலே போதும். சமநிலைக்காகப் பள்ளியில் கூடுதல் பாடம் எடுப்பதைவிட இது மிகவும் மலிவு.

முதல் பாடத்தில் என்ன நடக்கும்?

வண்டியைத் தள்ளுவீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுவது, திருப்புவது, நடு ஸ்டாண்டு போடுவது. பலருக்கு இது வீண்வேலையாகத் தெரிகிறது, ஆனால் வண்டியின் எடை எந்தக் கோணத்தில் கையை மீறிப் போகும் என்பது இங்கேதான் உடம்புக்குப் புரிகிறது. நடு ஸ்டாண்டு போடும்போது கையால் தூக்காதீர்கள். இடது கை கைப்பிடியில், வலது கை பின்னிருக்கைக் கம்பியில் இருக்கட்டும். வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி, அதன் இரண்டு முனையும் தரையில் பட்டதை உணர்ந்த பிறகு முழு எடையையும் அந்தக் காலில் போடுங்கள். வண்டி தானாக ஏறிக்கொள்ளும்.

அடுத்தது கிளச். கிளச்சை மெல்ல மெல்ல விடும்போது ஓரிடத்தில் வண்டி முன்னே இழுக்கத் தொடங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, விரல்களை அங்கேயே நிறுத்தத் தெரிந்துவிட்டால் மீதிப் பாடங்களில் பாதி வேலை முடிந்தது. திரும்பத் திரும்ப எஞ்சின் அணைந்தால், விரல்களைச் சட்டென விடுகிறீர்கள் என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்குவது அதற்கு மருந்தில்லை.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைக்கவசம் சொந்தமாக வாங்குவதென்றால் இங்கே அங்கீகரிக்கப்பட்டதற்கான முத்திரை ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தலையை ஆட்டும்போது தலைக்கவசம் தனியாக ஆடினால் அளவு பெரிது.

செய்முறைத் தேர்வில் எங்கே தோற்கிறார்கள்?

திடலைப் பொறுத்தவரை ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி சேரும். 18 புள்ளி வரை தேர்ச்சி, 20ஐத் தொட்டால் தோல்வி. சில தவறுகளுக்குப் புள்ளிக் கணக்கே இல்லை, அந்த இடத்திலேயே தேர்வு முடிந்துவிடும். வண்டியைக் கீழே போடுவதும் பலகையிலிருந்து சக்கரம் இறங்குவதும் அந்த வகை.

பலகையில் விழுபவர்களில் பெரும்பாலோர் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். பலகையின் மறுமுனைக்கும் அப்பால் கண்ணை வையுங்கள். பலகைக்கு முன்பே வண்டி நேராக இருக்க வேண்டும். கோணலாக ஏறினால் பாதி வழியில் திருத்த முடியாது. ஏறியதும் கிளச்சைப் பாதியில் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறையுங்கள். முழங்கால்கள் பெட்ரோல் டேங்கைக் கவ்வியிருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். முன் பிரேக்கைத் தொட்டால் கைப்பிடி சட்டெனத் திரும்பும், அத்தோடு கதை முடிந்தது.

எட்டிலும் கிராங்கிலும் கதை வேறு. தலை போதுமான அளவு திரும்புவதில்லை. கிராங்கின் செங்கோண வளைவுக்குள் நுழையும்போதே வெளியேறும் வாயைப் பார்த்தாக வேண்டும். கூம்பை, அதாவது இடிக்கக் கூடாது என்று நினைக்கும் அதே பொருளை, பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அதை நோக்கித்தான் போகும்.

அவசர பிரேக்கில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பயத்தில் வேகம் எடுக்காமல் வருவது ஒன்று, பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவது இன்னொன்று. முன் பிரேக்கை முதலில் மெல்லத் தொட்டு, முன்பக்கம் அமிழ்ந்ததும் நன்றாக இறுக்க வேண்டும். காய்ந்த தரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டியைத் தேர்ந்த கை 9, 10 மீட்டருக்குள் நிறுத்திவிடும்.

சாலைப் பகுதியில் ஓட்டத் தெரிந்தவர்களையே கவிழ்ப்பது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காததுதான். கண்ணாடியில் பார்த்தது கணக்கில் வராது. கிளம்பும்போதும், தடம் மாறும்போதும், திரும்பும்போதும் தலை திரும்ப வேண்டும். இது தேர்வுக்காக மட்டும் வைத்த சடங்கில்லை. காரின் முன்பாதி முழுவதையும் மறைக்கும் அளவுக்கு மோட்டார்சைக்கிள் கண்ணாடிக்குப் பிளைண்ட் ஸ்பாட், அதாவது கண்ணாடியில் தெரியாத பகுதி, இருக்கிறது.

ஊரில் பத்து வருஷம் பைக் ஓட்டியிருக்கிறேன். எனக்கும் தொடக்கப் பாடமா?

கிளச், கியர், சமநிலை எல்லாம் உங்களுக்கு வந்திருக்கும், முதல் சில பாடங்களைச் சுலபமாகக் கடந்துவிடுவீர்கள். இந்தியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் திசைக் குழப்பமும் இல்லை. சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. பின் பிரேக்கையே நம்பி ஓட்டுவது, நெருக்கடிக்கு ஹாரனை அடித்து வழி கேட்பது, மெதுவாகப் போகும்போது கால்களைத் தொங்கவிடுவது, கிடைத்த இடைவெளியில் நுழைவது. ஊரில் எல்லோரும் அப்படி ஓட்டுவதால் எதிரே வருபவரும் அதை எதிர்பார்த்தே வருவார். தீவு விரைவுச்சாலையில் பக்கத்துத் தடத்தில் வரும் டிப்பர் லாரி ஓட்டுநர் அதை எதிர்பார்க்க மாட்டார்.

பயிற்றுநர் சொல்வதை முதல் நாள் கற்பவரைப் போலக் கேட்டால் நீங்கள்தான் வகுப்பில் வேகமாக முன்னேறுவீர்கள். “எனக்குத் தெரியும்” என்று தலையைத் திருப்பாமல் ஓட்டினால், வண்டியைத் தொட்டிராத பக்கத்து ஆள் உங்களுக்கு முன் தேர்ச்சி பெற்றுவிடுவார்.

உரிமம் கைக்கு வந்துவிட்டது. அடுத்த பயிற்சிக்கு எப்போது போகலாம்?

முதல் ஆண்டு நன்னடத்தைக் காலம். அதற்குள் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் மூன்று, நான்கு மாதம் தினமும் ஓட்டி, கியர் மாற்றுவது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வாருங்கள். பிறகு, முதல் ஆண்டு முடிவதற்குள், ஒரு பழகியவர் பயிற்சிக்குப் போய்விடுங்கள். மிக விரைவில் போனால் கவனமெல்லாம் கிளச்சிலேயே இருக்கும், சொல்வது ஏறாது. ஐந்தாறு வருஷம் தள்ளிப் போட்டால் தவறான பழக்கம் ஊறிப்போயிருக்கும்.

பெரும்பாலோர் உரிமம் வாங்கிய பிறகுதான் முதன்முதலில் தனியாக விரைவுச்சாலையில் ஏறுகிறார்கள். அந்த முதல் தடவையை ஞாயிறு காலை ஏழு மணி போன்ற அமைதியான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தடத்தின் நீளம் முழுவதையும் பயன்படுத்தி, இடதுபக்கத் தடத்தின் வேகத்துக்கு வந்த பிறகு இணையுங்கள். இணைந்ததும் உடனே வலப்பக்கம் தாவாதீர்கள்.

பழகியவர் பயிற்சியில் அப்படி என்ன புதிதாகச் சொல்லித் தருகிறார்கள்?

நல்ல வகுப்பென்றால் பிரேக்கில் தொடங்கும், பிரேக்கிலேயே அதிக நேரம் செலவிடும். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிறகு காய்ந்த சாலையில் நிற்க 20 மீட்டர் அளவில் ஆகும், மொத்தம் 37. மழையில் நிற்க மட்டும் 28 மீட்டர் ஆகும், மொத்தம் 45. அதே காய்ந்த சாலையில் வேகத்தை 90 ஆக்கினால் மொத்தம் 70 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதும் பிரேக் தூரம் இரண்டேகால் மடங்காகிவிட்டது. படிக்கும்போது தலையாட்டிவிடலாம். திடலில் கூம்பு வைத்து, நீங்கள் நினைத்த இடத்தையும் உண்மையில் நின்ற இடத்தையும் காட்டும்போதுதான் உறைக்கும்.

அடுத்தது எதிர்த்திருப்பம். மெதுவாகப் போகும்போது கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். வேகம் கூடியதும் வேறு மாதிரி. இடப்பக்கம் போக இடது கைப்பிடியை முன்னோக்கி அழுத்த வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் நகர, வண்டி இடப்பக்கம் சாயும். இத்தனை வருஷமும் தெரியாமலே இதைத்தான் செய்துவந்திருக்கிறீர்கள். தெரிந்து செய்யும்போதுதான் திடீரென்று முன்னால் விழுந்த பொருளைத் தவிர்த்து விலக முடியும். விலகும்போது பிரேக் பிடிக்காதீர்கள், பிடிக்கும்போது விலகாதீர்கள். தரையைத் தொடும் டயரின் பரப்பு உள்ளங்கை அளவுதான், இரண்டு வேலையையும் ஒன்றாகக் கொடுத்தால் அது வழுக்கிவிடும்.

மூன்றாவது, சாலையை வாசிப்பது. அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு 900க்கும் மேற்பட்ட மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் பயிற்றுநர்களுக்குப் பாடம். விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. மற்ற வாகனங்களோடு மோதியவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில், மோட்டார்சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய வாகனம் விடவில்லை. விபத்தில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாமாகவோ வீட்டார், நண்பர்களிடமோ கற்றவர்கள். நம்மூர்ச் சந்திகளில் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரலைப் பிரேக்கில் வைக்கும் பழக்கம் இங்கிருந்து வருகிறது. ஓட்டுநரின் முகத்தை நம்பாதீர்கள், காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். அது அசைந்தால் கார் வருகிறது.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் பிரேக் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதை ஏபிஎஸ் தடுக்கும், நீங்கள் போதுமான அளவு இறுக்காததை அது சரிசெய்யாது. அது வேலை செய்யும்போது லீவரும் பெடலும் படபடவென்று அதிரும். முன்பு உணர்ந்திராதவர் பயந்து பிரேக்கை விட்டுவிடுவார். திடலில் ஒரு தடவையாவது அதை வரவழைத்துப் பாருங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டினால் உடனே விட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

மழை?

இங்கே பிற்பகல் இடிமழை தவிர்க்க முடியாதது. மழை தொடங்கிய முதல் சில நிமிடம்தான் மோசம், சாலையிலிருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மிதக்கும். வெள்ளைக் கோடு, பாதசாரிக் கடப்பு, சாக்கடை மூடி, கட்டுமான இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடு இவற்றின்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், நேராகக் கடக்க வேண்டும். முன்வாகனத்திலிருந்து வழக்கமான இரண்டு நொடி இடைவெளியை நான்காக்குங்கள். விரைவுச்சாலை மேம்பாலங்களுக்குக் கீழே மோட்டார்சைக்கிளுக்கென்றே ஒதுங்குமிடங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே நிற்கலாம், சாலையோரத்தில் நிற்காதீர்கள்.

மலேசியாவின் சிப்பாங் பந்தயத்திடலில் சொந்த வண்டியை ஓட்டிப் பழகும் ‘டிராக் டே’ போனால் போதாதா?

வளைவில் உடம்பைச் சாய்க்கவும் பயமில்லாமல் வேகத்தில் பிரேக் பிடிக்கவும் நல்ல இடம்தான். எதிரே வண்டி வராது, சந்தி இல்லை, எஸ்யுவி குறுக்கே வராது. அதனாலேயே சாலைக்கு அது போதாது. சாலைப் பயிற்சியை முடித்தவர் போனால் பலன் உண்டு. அதற்குப் பதிலாகப் போனால் வேகத்தின் மீதான பயம் மட்டும் குறைந்து திரும்புவார், அது ஆபத்து. போகுமுன் காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பந்தயத்திடலில் ஓட்டுவதைப் பல ஒப்பந்தங்கள் விலக்கியிருக்கும்.

உணவு விநியோக வேலை பார்க்கிறேன். எனக்கு எது?

பழகியவர் பயிற்சி, அதுவும் வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியோடு. காலிப் பெட்டிக்கும் இரண்டு பையில் குளிர்பானம் ஏற்றிய பெட்டிக்கும் வித்தியாசம் அதிகம். பின்பக்கம் உயரத்தில் எடை ஏறினால் கைப்பிடி லேசாகி, மெதுவான திருப்பத்தில் வண்டி கவிழப் பார்க்கும். கனமானதை அடியில், முன்பக்கமாக வையுங்கள். கைப்பேசியைப் பார்ப்பதற்காகத் தலையைக் குனிய வேண்டியிருந்தால் அதன் பிடிமானம் தவறான இடத்தில் இருக்கிறது.

பத்து ஆண்டு ஓட்டாமல் இருந்துவிட்டேன். உரிமம் மட்டும் இருக்கிறது.

உரிமம் செல்லும், ஆனால் உடம்பு மறந்திருக்கும். நேரே பழகியவர் வகுப்புக்குப் போனால் மற்றவர்களுக்கும் சிரமம். பள்ளியில் புதுப்பிப்புப் பாடம் கேட்டு, கிளச்சும் பிரேக்கும் கைக்கு வந்த பிறகு போங்கள். பெரிய வண்டி உரிமம் இருந்தாலும் முதல் சில மாதம் சின்ன வண்டி நல்லது.

பயிற்சி நல்லதா என்று சேருமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் போனால் உங்களுக்குக் காத்திருப்புதான் மிஞ்சும். மொத்த நேரத்தில் வண்டியின்மேல் எவ்வளவு நேரம், உட்கார்ந்து கேட்பது எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பிரேக் பயிற்சி எந்த வேகத்தில் நடக்கும், சொந்த வண்டியா பள்ளி வண்டியா, சாலையில் பின்தொடர்ந்து வந்து தவறுகளைச் சொல்வார்களா என்பவையும் முக்கியம். சான்றிதழைப் பற்றியே பேசி, இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

சொந்த வண்டியைக் கொண்டுபோகுமுன் என்ன பார்க்க வேண்டும்?

டயர் காற்றைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது பெரும்பாலும் செயின் உறையிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலோ (ஸ்விங் ஆர்ம்) ஒட்டியிருக்கும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது, மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான சிறிய வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் வரை உள்ளே வந்தால் அந்த வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். கிளச் கம்பியில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். பெட்ரோல் பாதிக்கு மேல், சங்கிலி எண்ணெய் முந்தைய இரவு. காலையில் போட்டால் டயரில் தெறிக்கும்.